மூலையில் சேரும் இரண்டு டியூப்கள்

1990-ல் டெக்னோபார்க் தொடங்கியது முதல் கழக்கூட்டம் என்றாலே கணினி நினைவுக்கு வருகிறது. ஆனால் இங்கு வந்து குடியேறிய தமிழர்களில் வெல்டிங் பட்டறை வைத்துப் பிழைப்பவர்களும் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் இப்போது கணினியில் வரைந்து தகப்பனாருக்கு வெட்டளவு தருகிறார்கள். அவர்களுக்காகவே இப்பாடம்.

இரண்டு டியூப்கள் ஒரு மூலையில் சேரும்போது இரண்டையும் சாய்வாக வெட்டிப் பொருத்துவது மைட்டர் வெட்டு. போட்டோ பிரேமின் மூலையைப் பாருங்கள், புரியும். ஒன்றின் பக்கத்தில் மற்றொன்றை நேராக முட்டவைத்தால் ஒரு டியூபின் வாய் திறந்தே இருக்கும். அதை மூடாவிட்டால் இடவப்பாதி மழையும் கடற்காற்றும் உள்ளே புகுந்து, வெளியே பெயிண்ட் பளபளக்கும்போதே உள்ளே துரு தின்றுவிடும். மைட்டர் வெட்டில் திறந்த வாய் இல்லை.

இங்குள்ள ஒரு பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். பாலிடெக்னிக் மாணவன் ஒருவன் 1200 மி.மீ. அகலம், 900 மி.மீ. உயரத்தில் ஒரு வாசல் கேட்டை 50 மி.மீ. சதுர டியூபில் வரைந்தான். மூலைகள் நான்கும் அழகாகச் சேர்ந்தன. ஆனால் கேட் தூண்களுக்கு நடுவே நுழையவில்லை. தகப்பனார் ஒன்றும் பேசாமல் நின்றார். பிழை ரம்பத்தில் இல்லை, முதலில் போட்ட கோட்டில் இருந்தது.

இன்வென்டர், சாலிட்வொர்க்ஸ் போன்றவற்றில் முதலில் வெறும் கோடுகளால் ஒரு சட்டம் வரைகிறோம். பிறகு ஒவ்வொரு கோட்டின் மீதும் டியூபை ஏற்றுகிறோம். கோடு டியூபின் நடுவில் ஓடுகிறதா, வெளி ஓரத்தில் ஓடுகிறதா என்பதை நாம்தான் சொல்லவேண்டும். நடுவில் ஓடினால் பக்கத்துக்கு 25 மி.மீ. கூடி, கேட் 1250-க்கு 950 ஆகிவிடும். அந்தப் பையனுக்கு நேர்ந்தது இதுவே. வெளி ஓரத்தில் வைத்திருந்தால் சரியாக வந்திருக்கும். அப்போது நீண்ட துண்டின் வெளியளவு 1200, உள்ளளவு 1100. குட்டைத் துண்டுக்கு 900, 800.

அடுத்தது கோணம். மூலைக் கோணத்தைப் பாதியாக்குவதே விதி. 90 டிகிரி மூலைக்கு 45. கூரைச் சட்டத்தில் 120 டிகிரி மூலை வந்தால், டியூபின் நீளத்துக்கும் வெட்டுக்கும் இடையே 60 டிகிரி. ஆனால் கட்டிங் மெஷினில் அளவு நேர்வெட்டிலிருந்து தொடங்குவதால் அங்கே 30 வைக்கவேண்டும். 45-ல் இரண்டும் ஒன்றே ஆகையால் இந்த வேறுபாடு நம் கண்ணுக்குப் படுவதில்லை.

பாதி விதி ஒரே அகலமுள்ள டியூப்களுக்கு மட்டுமே பொருந்தும். 50 மி.மீ. டியூபும் 75 மி.மீ. டியூபும் சேர்ந்தால், 45-ல் வெட்டிய முகங்கள் 70.7, 106.1 மி.மீ. என்று ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்கும். உள்மூலையிலிருந்து வெளிமூலைக்குக் கோடு போடுங்கள். நீளத்திலிருந்து அளந்தால் 50-க்கு 33.7 டிகிரி, 75-க்கு 56.3 டிகிரி வரும். இரண்டு முகமும் 90.1 மி.மீ. ஆகச் சமமாகும்.

மைட்டர் வெட்டினால் இரும்பு வீணாகும் என்பார்கள். ஒரே டியூபில் அடுத்தடுத்த துண்டுகளைப் புரட்டிப்போட்டு வெட்டினால், ஒரே சாய்வுவெட்டு இரண்டு துண்டுகளுக்கும் முனையாகிவிடும். நம் கேட்டுக்கு, ரம்பத்தில் போவது நீங்கலாக, 4050 மி.மீ. போதும். நேராக முட்டவைத்தாலும் 4000 வேண்டும். வித்தியாசம் 50 மி.மீ. மட்டுமே.

கடைசியாக ஒன்று. நான்கு மூலையிலும் பொட்டு வெல்டிங் வைத்ததும் மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள். 1200-க்கு 900 என்றால் இரண்டும் 1500 இருக்கவேண்டும். அதன் பிறகே முழு வெல்டிங். கணினித் திரையில் பிழையை அழிக்கச் செலவில்லை, வெட்டிய இரும்பை ஒட்டவைக்கச் செலவு உண்டு. ஆகவே பிள்ளைகளே, வெட்டளவைத் தகப்பனாரிடம் கொடுக்குமுன், கேட்டின் வெளியளவைத் திரையிலேயே ஒருமுறை அளந்துவிடுங்கள்.