நடந்தும் சைக்கிளிலும் பள்ளிக்கு: உங்கள் தெருவிலிருந்து தொடங்க ஒரு முழுமையான வழிகாட்டி

இந்தத் திட்டத்துக்குப் பெரிய பணமோ அலுவலகமோ தேவையில்லை. காலையில் அரை மணி நேரம், வாரத்தில் சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கக்கூடிய இரண்டு மூன்று பெரியவர்கள் வேண்டும். அவர்கள் கிடைத்துவிட்டால் முக்கால் வேலை முடிந்தது. கிடைக்காமல் பேனர் அடிப்பதும் ஊர்வலம் நடத்துவதும் வீண் செலவு.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் பலர் இன்றும் நடந்துதான் வருகிறார்கள். அதில் புதுமை ஒன்றும் இல்லை. தனித்தனியாக வரும் பிள்ளைகளை ஒரே பாதையில், ஒரே நேரத்தில், பெரியவர் துணையோடு சேர்த்துக் கூட்டிப்போவதுதான் புதிது. ஆஸ்திரேலியரான டேவிட் எங்விக்ட் 1990களின் தொடக்கத்தில் இதை ‘நடை பஸ்’ என்ற யோசனையாக முன்வைத்தார். பஸ்ஸுக்கு இருப்பதுபோலவே இதற்கும் தடம், நிறுத்தம், நேரம், டிரைவர், கண்டக்டர் எல்லாம் உண்டு. வண்டி மட்டும் கிடையாது. ஜப்பானில் அக்கம்பக்கத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து நடந்துபோவது நெடுநாள் வழக்கம். அங்கே பெரிய வகுப்புப் பிள்ளைதான் முன்னால் போகும்.

படி 1: யார், எங்கிருந்து, எப்படி வருகிறார்கள்?

தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு கேள்வி கேளுங்கள்: “இன்று காலை எப்படி வந்தீர்கள்?” நடந்து, சைக்கிளில், அப்பா வண்டியில், ஆட்டோவில், வேனில், பஸ்ஸில் என்று கையுயர்த்தச் சொல்லி எண்ணிக்கொள்ளலாம். பத்து நிமிட வேலைதான். அடுத்து, தெருவாரியாக வீடுகளை ஒரு வரைபடத்தில் புள்ளி வையுங்கள். கையால் வரைந்த படமே போதும்.

தமிழ்நாட்டின் கல்வி உரிமை விதிகளின்படி தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். இந்தத் திட்டத்துக்கும் அதே அளவுதான் பொருத்தம்: ஒரு கிலோமீட்டர் வரை நடை, மூன்று கிலோமீட்டர் வரை சைக்கிள். சின்னப் பிள்ளைகளோடு ஒரு கிலோமீட்டர் நடக்க, நின்று சாலை கடப்பதையும் சேர்த்து, இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும்.

தொலைவிலிருந்து ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடும் பெற்றோரை விட்டுவிடாதீர்கள். பள்ளி வாசலில் அவர்கள் வண்டியைத் திருப்பும் அந்தக் கால் மணி நேரம்தான் பல ஊர்களில் நடந்து வரும் பிள்ளைக்கு மிக ஆபத்தான நேரம். வாசலிலிருந்து முந்நூறு மீட்டர் தள்ளி, ஒரு கோயில் திடலோ மண்டப வாசலோ பார்த்து, “இங்கே இறக்கிவிடுங்கள், மிச்சத்தை நாங்கள் கூட்டிப்போகிறோம்” என்று சொன்னால் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு ஒத்துக்கொள்வார்கள். அவர்களுக்கும் அந்த நெரிசல் தலைவலிதான்.

படி 2: பாதையை நீங்களே நடந்து பாருங்கள்

இந்தப் படியில் அவசரம் கூடாது. பலரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓய்வாக நடந்து பார்த்துவிட்டு, பாதை நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பள்ளி நாளில், பிள்ளைகள் நடக்கப்போகும் அதே நேரத்தில் நடக்க வேண்டும். தண்ணீர் லாரியும் குப்பை வண்டியும் தனியார் பள்ளி வேன்களும் சேர்ந்து வரும் எட்டரை மணிச் சாலை வேறு. ஞாயிறு மாலைச் சாலை வேறு.

சாலை கடக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஏழு வயதுப் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். உங்களுக்குத் தெரிகிற பஸ், நிறுத்தி வைத்த ஒரு குட்டி யானைக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைக்குத் தெரியாது. பத்து வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு, வரும் வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் திறன் முழுதாக வந்திருக்காது. “பார்த்து வா” என்று எத்தனை முறை சொன்னாலும் அது வந்துவிடாது. அதனால்தான் பெரியவர் துணை.

குறித்துக்கொள்ள வேண்டியவை: மூடியில்லாத சாக்கடை, தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி, நாய்கள் கூடும் இடம், நடைபாதையில் ஏறி நிற்கும் கடைகள், மழையில் தண்ணீர் தேங்கும் பள்ளம். நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, அதாவது சாலையின் வலது ஓரமாக, ஒற்றை வரிசையில் நடப்பது நல்லது. சைக்கிள் மட்டும் எப்போதும் இடது ஓரம்.

மாலையில் திரும்பும் பாதையைத் தனியாகப் பாருங்கள். டாஸ்மாக் கடை நண்பகலில்தான் திறக்கும். காலையில் சாதுவாக இருந்த அதே முக்கு நாலரை மணிக்கு வேறு முகம் காட்டும். நூறு மீட்டர் சுற்றிப் போனாலும் பரவாயில்லை. குறுக்குவழியை விடச் சண்டையில்லாத வழிதான் பிள்ளைகளுக்கு நல்லது.

படி 3: ஆட்களைச் சேர்ப்பது

அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் தொடங்குங்கள். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். தீர்மானம் போட்டுவிட்டால் பிறகு தலைமை ஆசிரியர் மாறினாலும் திட்டம் நிற்கும். தனியார் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கம். தெருவில் மகளிர் சுய உதவிக் குழு, குடியிருப்போர் நலச் சங்கம், ஓய்வு பெற்றவர்கள், அருகில் கல்லூரி இருந்தால் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள்.

ஆறு வயதுக்குள் உள்ள பிள்ளைகள் என்றால் மூன்று பேருக்கு ஒரு பெரியவர். அதற்கு மேல் ஆறு பேருக்கு ஒருவர். எத்தனை பேர் இருந்தாலும் முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் கட்டாயம். பன்னிரண்டு பிள்ளைக்கு மேல் சேர்ந்தால் இரண்டு அணியாகப் பிரியுங்கள்.

தெரிந்தவர்தானே என்று கீழே உள்ளவற்றைத் தளர்த்திவிடக் கூடாது. எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியே போகக் கூடாது. எப்போதும் இரண்டு பேர். பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். தன்னார்வலர் பட்டியல் பள்ளியில் இருக்க வேண்டும். பிள்ளைகளின் படத்தையும் நடக்கும் நேரத்தையும் ஃபேஸ்புக்கில் போடக் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் ஒவ்வொரு பிள்ளைக்கும் மனப்பாடமாகத் தெரிய வேண்டும். இதையெல்லாம் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்; பிறகு சொன்னால் யாரையோ சந்தேகப்பட்டதாக ஆகிவிடும்.

படி 4: வாரம் ஒரு நாளில் தொடங்குங்கள்

பார்சிலோனாவில் 2021இல் பெயர் பெற்ற ‘பிசிபஸ்’ சைக்கிள் அணி வெள்ளிக்கிழமை காலைகளில் கிளம்பியது. அதை அப்படியே பின்பற்றலாம். ஐந்து நாளும் என்று வீராப்பாகத் தொடங்கினால், மூன்றாவது வாரத்தில் யாராவது ஒருவர் காய்ச்சலில் படுத்ததும் எல்லாம் குலைந்துவிடும். வாரம் ஒரு நாள் தவறாமல் நடந்தால், இன்னொரு நாளையும் சேர்க்கச் சொல்லிப் பெற்றோரே கேட்பார்கள்.

எந்த மாதத்தில் தொடங்குவது? ஜூனில் வேண்டாம், சேர்க்கை, புத்தகம், சீருடை என்று பள்ளியே குழப்பத்தில் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பொங்கல் முடிந்த கையோடு தொடங்குவதுதான் என் தேர்வு. வெயில் ஏறுவதற்குள் பிள்ளைகளுக்குப் பழக்கமாகிவிடும்.

நேர அட்டவணை போடும்போது காலை உணவை மறக்காதீர்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் வகுப்பு தொடங்கும் முன்பே பள்ளியில் சாப்பிடுகிறார்கள். உங்கள் அணி பள்ளி மணிக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தால், பிள்ளை பசியோடு வகுப்பில் உட்காரும். சாப்பாட்டு நேரத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

நிறுத்தங்கள் மூன்று நான்கு போதும்: எல்லோருக்கும் தெரிந்த பால் பூத், அரச மரம், ரேஷன் கடை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது. முதல் வாரம் ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போனால் அந்த அம்மாவுக்குக் கோபம் வரும். அடுத்த வாரம் அவர்தான் முதலில் வந்து நிற்பார்.

வாங்க வேண்டியவை: பளிச்சென்ற மேல்சட்டை, விசில், கையில் பிடிக்கும் ‘நில்’ பலகை, முதலுதவிப் பெட்டி, ஒரு வருகை நோட்டு. ஏறிய பிள்ளைகளின் எண்ணிக்கையும் பள்ளியில் ஒப்படைத்த எண்ணிக்கையும் அந்த நோட்டில் தினமும் ஒத்துப்போக வேண்டும்.

படி 5: சைக்கிள் அணி

நடை அணி ஒரு பருவம் ஓடிய பிறகே இதைத் தொடுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து சேர்க்கலாம்.

முதல் சிக்கல் சைக்கிளின் அளவு. அரசின் விலையில்லாச் சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில்தான் வருகிறது. வீட்டில் இருப்பது அக்காவின் சைக்கிள். ஓட்டுவது ஆறாம் வகுப்புத் தம்பி, குரங்கு பெடலில். கிராமத்துத் தெருவில் ரசிக்கத்தக்க காட்சிதான், ஆனால் பஸ் ஓடும் சாலையில் அதற்கு இடமில்லை. சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு காலின் முன்பாதமும் தரையைத் தொட வேண்டும். தொடாவிட்டால் சீட்டை இறக்குங்கள்; அப்படியும் எட்டாவிட்டால் அந்தப் பிள்ளை இந்த ஆண்டு நடை அணியிலேயே இருக்கட்டும். பஞ்சர் கடைக்காரர் ஒருவரை மாதம் ஒரு முறை பள்ளிக்கு வரவழைத்து, காற்று, பிரேக், செயின் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்க வேண்டும். டபுள்ஸ் கூடாது. சட்டம் கேட்காவிட்டாலும் ஹெல்மெட் போடுவது நல்லது.

சாலைக்கு முன் மைதானம். ஒரு கையை எடுத்துச் சைகை காட்டியபடி நேராக ஓட்டுவது, தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தபடி கோணாமல் ஓட்டுவது, கோட்டில் சரியாக நிறுத்துவது. இந்த மூன்றும் வந்த பிள்ளைதான் சாலைக்கு. பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இரண்டாவதில்.

கூட்டாகச் சைக்கிள் ஓட்டுவதன் பலத்தைத் தெரிந்துகொள்ள வெளிநாடு போக வேண்டியதில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. பல்லாயிரம் பெண்கள் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். தொடக்கத்தில் கேலிப் பேச்சு நிறைய இருந்தது. பெண்கள் கூட்டமாக வெளியே வந்த பிறகு அந்தப் பேச்சு எடுபடவில்லை. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். உங்கள் ஊரில் எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகளைச் சைக்கிளில் அனுப்ப வீட்டில் தயங்கினால், தனியாகப் போகச் சொல்லி வாதாட வேண்டாம். ஐந்து பேராகப் போகட்டும் என்று கேளுங்கள்.

இடையில் ஒரு வார்த்தை. ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் ஸ்கூட்டியைக் கொடுத்தனுப்பும் வீடுகள் பெருகிவிட்டன. 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி, சிறுவர் வண்டியோட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. சைக்கிள் அணிக்கு ஆள் சேர்க்கும்போது சொல்லிவையுங்கள்.

படி 6: மழை, நாய், விடுமுறை

ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் செய்தி போடும் உரிமை பொறுப்பாளர்களுக்கு மட்டும். இல்லாவிட்டால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே ‘இன்று நடை இல்லை’ என்பது காணாமல் போய்விடும். மழைக்காலத்தில் ஆட்சியர் விடுமுறை அறிவிப்பு சில நாள் காலையில்தான் வரும். ஆகவே கிளம்புவதற்கு அரை மணி முன்பு ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று பொறுப்பாளர் போட்டே ஆக வேண்டும். கம்பி அறுந்து கிடந்தாலோ சாலையில் தண்ணீர் ஓடினாலோ அன்றைக்கு நடை இல்லை. இதில் வாக்குவாதத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

நாயைக் கண்டால் ஓடக் கூடாது, கல்லெறியக் கூடாது, கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப்போல நடித்துக் காட்டிப் பழக்கலாம். மீறிக் கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்கக் கூடாது.

படி 7: சாலையைச் சரிசெய்யக் கேட்பது

நடக்கத் தொடங்கிய பிறகுதான் சாலையின் குறைகள் உண்மையில் தெரியும். உடனே மனு எழுதாதீர்கள். முதலில் அது யாருடைய சாலை என்று கண்டுபிடியுங்கள். ஊராட்சியா, நகராட்சியா, மாநில நெடுஞ்சாலைத் துறையா, தேசிய நெடுஞ்சாலையா? வேகத்தடை கேட்டு நகராட்சிக்குப் பத்து மனு போட்டாலும், சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது என்றால் பலன் இருக்காது.

மனுவில் ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள். ஒரு புகைப்படம், இத்தனை பிள்ளைகள் இந்த நேரத்தில் இங்கே கடக்கிறார்கள் என்று உங்கள் வருகை நோட்டிலிருந்து எடுத்த கணக்கு, பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தின் நகல் இருந்தால் போதும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுக்கலாம். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவரும் அவரே. கிராமம் என்றால் கிராம சபையில் வையுங்கள். வேகத்தைப் பற்றிக் கேட்கும்போது, வண்டியும் நடப்பவர்களும் கலக்கும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டர் என்பது 2020 ஸ்டாக்ஹோம் சாலைப் பாதுகாப்புப் பிரகடனம் சொன்ன அளவு என்று எழுதலாம். சாலை கடக்கும் இடத்தில் காலை நேரத்துக்கு ஒரு காவலரையோ ஊர்க்காவல் படையினரையோ நிறுத்தித் தரும்படி காவல் நிலையத்தில் தனியாகக் கேளுங்கள். வேகத்தடையை விட இது சீக்கிரம் கிடைக்கும்.

படி 8: ஏப்ரலில் கைமாற்றுவது

பல திட்டங்கள் இரண்டாம் ஆண்டில் காணாமல் போவதற்குக் காரணம், தொடங்கிய அம்மாவின் பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போய்விடுவதுதான். ஆகவே பொறுப்பாளராக எப்போதும் இரண்டு பேர் இருக்கட்டும். அதில் ஒருவரின் பிள்ளையாவது ஒன்றாம் அல்லது இரண்டாம் வகுப்பில் இருக்க வேண்டும். ஆண்டுத் தேர்வு முடியும் முன்பே வரைபடம், வருகை நோட்டு, சம்மதக் கடிதங்கள், விசில், பலகை எல்லாவற்றையும் புதியவரிடம் கொடுத்துவிடுங்கள். ஜூனில் சேர்க்கை நடக்கும் நாளில் பள்ளி வாசலில் ஒரு மேசை போட்டு, ஒன்றாம் வகுப்புக்கு வரும் ஒவ்வொரு பெற்றோரிடமும் எந்தத் தெரு என்று கேட்டு வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டியது அவர் பொறுப்பு.