பாத்ரூமுக்கு எந்த எல்இடி?

பாத்ரூமை இடித்துப் புதுப்பிக்கிறவர்களில் பாதிப் பேர் போனில் ஒரு ரீல்ஸைக் காட்டி, "இதே மாதிரி வேணும்ணே" என்கிறார்கள். மீதிப் பேருக்கு மாமனார் தேர்ந்தெடுத்துவிடுகிறார்: "வெள்ளை வெளேர்னு இருக்கணும் மாப்ள, அப்பதான் வெளிச்சம்." அந்த அறையில் என்ன வேலை நடக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. வயரிங் வேலையிலேயே காலத்தை ஓட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

ஐந்துக்கு ஏழு அடி பாத்ரூம் என்றால் 35 சதுர அடி. 9 அல்லது 10 வாட் எல்இடி ஏறக்குறைய 900 லூமன் தரும். வெளிர்நிற டைல்ஸுக்கு அது தாராளம். கறுப்பு, காப்பி நிற டைல்ஸ் வெளிச்சத்தை விழுங்கும். இன்னொரு 5 வாட் சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டியில் வாட்டைவிட லூமனைப் பார்ப்பது நல்லது.

ஹோல்டர் பல்பு, சீலிங்கில் ஒட்டும் வட்டப் பேனல், சுவரில் மாட்டும் பல்க்ஹெட் ஆகிய மூன்றும் எல்லோருக்கும் தெரிந்தவை. எதை வாங்கினாலும் மோசம் போக மாட்டீர்கள். தண்ணீர் தெறிக்கும் இடத்துக்கு மட்டும் ஐபி எண்ணைப் பாருங்கள். அதில் இரண்டாவது இலக்கம்தான் தண்ணீருக்கானது. வாஷ்பேசின் பக்கம் ஐபி 44 போதும், ஷவர் பக்கம் ஐபி 65. ஐபி 20 என்றிருந்தால் தண்ணீரைத் தாங்காது.

நான் வேண்டாம் என்பது ஒன்றைத்தான்: ஃபால்ஸ் சீலிங் அடித்து, அதன் ஓரத்தில் ஒளித்து ஓட்டும் ஸ்ட்ரிப் லைட். ஹாலில் அழகாகத்தான் இருக்கும். பாத்ரூம் கதை வேறு. ஸ்ட்ரிப்புக்கு, வீட்டு மின்சாரத்தை இறக்கித் தரும் 12 வோல்ட் டிரைவர் வேண்டும். அதைச் சீலிங்குக்கு மேலே வைத்து மூடிவிடுகிறார்கள். கெய்சர் நீராவியும் வெக்கையும் சேருகிற இடம் அது. எல்இடி சில்லு பல வருஷம் உழைக்கும். டிரைவருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்தான் சூட்டில் முதலில் சாகும். டிரைவரை மாற்றத் திறப்பு விடாததால் சீலிங்கையே அறுக்க வேண்டியிருக்கும்.

ஸ்ட்ரிப்பும் லேசுப்பட்டதல்ல. 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் மூன்று மூன்று எல்இடியாக ஒரே தொடரில் கோத்திருப்பார்கள். ஒன்று போனால் கூட இருக்கும் இரண்டும் அணையும். பல் விழுந்த வாய் மாதிரி வரிசையில் ஓட்டை தெரியும். நீளம் கூடினால் கடைசி முனை மங்கும். ஈரத்தில் பின்பக்கப் பசை விட்டுத் தொங்கும். கழற்றிப் பார்த்தால் சால்டர் வைத்த இடம் பச்சை பூத்திருக்கும். இவ்வளவுக்குப் பிறகும் ஷேவ் பண்ண முகத்தில் வெளிச்சம் விழாது. சீலிங்கிலிருந்து வரும் ஒளி கண்ணுக்கும் தாடைக்கும் கீழே நிழலைத்தான் தரும்.

என் ஓட்டு, கண்ணாடிக்கு மேலே கிடைமட்டமாக ஒரு 2 அடி எல்இடி பேட்டனுக்கு. 10 வாட், 4000 கெல்வின், நிறத்தை உள்ளபடி காட்டும் அளவான சிஆர்ஐ 80-க்குக் குறையாமல். நீராவி அதிகம் என்றால் மூடிய, ஐபி 65 உள்ள பேட்டன் வாங்குங்கள். இதைப் பழைய பாணி என்று சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்கட்டும். மாமனார் கேட்கிற 6500 கெல்வினில் முகம் வெளிறித் தெரியும். 3000-இல் சோப்புக் கறை கண்ணுக்குப் படாது. 4000-தான் நடுநிலை. பிஐஎஸ் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊரென்றால் 4 கிலோவோல்ட் சர்ஜ் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிற விளக்கு மேல். போர்டில், கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி இல்லையென்றால், விளக்குக் காசில் மிச்சம் பிடித்து முதலில் அதைப் போடுங்கள்.

ரீல்ஸைப் பார்த்து விளக்குத் தேடுகிற கூத்துதான் பிள்ளைக்குப் படிப்புத் தேடும்போதும் நடக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் எடுத்த குரூப்பையே நம் பையனும் எடுக்க வேண்டும். அவன் கை எதில் ஓடுகிறது என்று கேட்க ஆளில்லை. வேலை பழகும் தம்பிகளுக்கும் சொல்கிறேன்: பார்ட்டி கேட்டதை உடனே மாட்டிவிட்டுக் காசு வாங்குவது சுலபம். தற்காலிகமாக ஒரு ஹோல்டர் தொங்கவிட்டு, இரண்டு மூன்று ராத்திரி அந்த வெளிச்சத்தில் அவர்களைப் புழங்கச் சொல்லுங்கள். பிறகு பாயின்ட் எங்கே என்று அவர்களே காட்டுவார்கள். சுவரைக் கொத்த அப்புறம் கிளம்பலாம்.