புற்றுநோய்க்கு எதிராக வைரஸும் மருந்தும்

அறுவை மருத்துவம், கதிர்வீச்சு, மருந்து ஆகிய மூன்றுமே நெடுங்காலமாகப் புற்றுநோய்க்குரிய சிகிச்சை முறைகளாக இருந்து வந்தன. நோய் விளைவிக்கும் வைரஸையே மருந்தாக்கும் முறையும் இப்போது அவற்றோடு சேர்ந்துள்ளது. சீனா 2005இலும், அமெரிக்கா 2015இலும் இத்தகைய மருந்துக்கு அனுமதி அளித்தன.

அமெரிக்கா அனுமதித்த டி-வெக் என்னும் மருந்து, உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸைத் திருத்தி அமைத்ததாகும். மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க் கட்டியினுள் இது ஊசி மூலம் செலுத்தப்படுகிறது. வைரஸ் புற்றணுக்களுக்குள் பெருகி அவற்றை வெடிக்கச் செய்கிறது. அப்போது வெளிப்படும் புரதங்களைக் கண்டு, உடலின் வெள்ளணுக்கள் பகையை அடையாளம் அறிந்துகொள்கின்றன. எனினும், 436 நோயாளிகள் பங்குகொண்ட சோதனையில், டி-வெக் பெற்றவர்களுள் 16.3 சதவீதத்தினருக்கே ஆறு மாதத்துக்குக் குறையாத பலன் கிட்டியது.

வெள்ளணுக்கள் உடலையே தாக்காதவாறு அவற்றுக்கு இயற்கை கடிவாளம் இட்டுள்ளது. புற்றணுக்கள் அக்கடிவாளத்தைத் தமக்குச் சாதகமாக்கிக் கொள்கின்றன. அதைத் தளர்த்தும் வழியைக் கண்டறிந்தமைக்காக ஜேம்ஸ் ஆலிசனும் தசுகு ஹோன்ஜோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். பகையை வைரஸ் காட்டிக்கொடுக்க, கடிவாளத்தை மருந்து தளர்த்தினால் பலன் பெருகும் என்பது ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு. ஆனால் கடிவாளம் தளர்ந்தால் குடல், நுரையீரல், தைராய்டு போன்ற உறுப்புகளையும் வெள்ளணுக்கள் தாக்கக்கூடும்.

198 பேரிடம் நடந்த சோதனையில், இபிலிமுமாப் மருந்தை மட்டும் பெற்றவர்களுள் 18 சதவீதத்தினருக்கும், அதனுடன் வைரஸும் பெற்றவர்களுள் 39 சதவீதத்தினருக்கும் கட்டி சுருங்கியது. பெம்ப்ரோலிசுமாப் என்னும் மற்றொரு மருந்தை வைரஸுடன் பெற்ற 21 பேரில் 13 பேருக்குப் பலன் தெரிந்தது. இவ்விணைப்பின் மீது பெரும் நம்பிக்கை எழுந்தது. ஆயினும் 692 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இம்மருந்துடன் வைரஸும், மற்றவர்க்கு இம்மருந்துடன் வெறும் ஊசியும் செலுத்திப் பார்த்தபோது, ஆயுட்கால நீட்டிப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இதனால் வைரஸ் சிகிச்சை பயனற்றதென்று முடிவு கட்டுதல் பொருந்தாது. எம்மருந்தை, எந்நோயாளிக்கு, எக்கட்டத்தில் சேர்ப்பது என்பதே இனி ஆராயத்தக்கது. ஒப்பீட்டுப் பிரிவு இல்லாத சிறு சோதனை நம்பிக்கையை ஊட்டலாம். சிகிச்சைக்குப் பொதுப்பணம் ஒதுக்கும் முடிவை அதனை மட்டும் நம்பி எடுத்தலாகாது. நோயாளிக்குச் சொல்லும் உறுதிமொழிக்கும் இவ்வளவுகோலே ஏற்றது.