சாலையின் விறைப்பு: ஆய்வுக்கூடத்திலும் களத்திலும்

சரக்கு ஏற்றிய லாரி ஒன்று தார்ச்சாலையில் செல்லும்போது, அதன் சக்கரத்தின் கீழே சாலை சற்று அமுங்குகிறது. லாரி கடந்ததும் மீண்டும் எழுகிறது. இவ்வமுக்கம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால் நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. சுமைக்கு எளிதில் அமுங்காத பண்பையே விறைப்பு என்கிறோம். இதனை வலிமையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சுண்ணக்கட்டி விறைப்பானது, ஆனால், எளிதில் முறிந்துவிடும். ரப்பர் எளிதில் வளையும், ஆனால், முறியாது.

தார், கருங்கல், மண் எனச் சாலை பல அடுக்குகளால் ஆனது. அடிமண்ணின் விறைப்பைப் பொறுத்தே மேலடுக்குகளின் தடிப்பை முடிவு செய்கின்றனர். அவ்விறைப்பை மிகுதியாகக் கணித்தால் சாலை மெலிதாக அமைந்து, சில ஆண்டுகளிலேயே வெடித்துவிடும். குறைவாகக் கணித்தால் மக்களின் வரிப்பணம் வீணாகும்.

அந்த எண்ணைப் பெற இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, ஆய்வுக்கூடச் சோதனை. தோண்டி எடுத்த மண்ணை, விட்டத்தைப்போல் இருமடங்கு உயரமுள்ள உருளையாக இறுக்குவர். அதற்கு ரப்பர் உறை போட்டு, சுற்றிலும் காற்றழுத்தம் கொடுப்பர். பிறகு, 0.1 வினாடி சுமை, 0.9 வினாடி ஓய்வு என ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை அழுத்துவர். ஒவ்வோர் அழுத்தத்திலும் மண் எவ்வளவு மீண்டெழுகிறது என்பதைக் கொண்டு விறைப்பு கணக்கிடப்படும்.

இரண்டாவது, களச் சோதனை. வாகனத்தின் பின்னால் இழுத்துச் செல்லப்படும் ஒரு கருவி, சாலைமீது 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள தட்டை வைத்து, அதன்மேல் ஓர் எடையை விழச் செய்கிறது. வரிசையாக வைக்கப்பட்ட உணர்விகள், தட்டின் அடியிலும் தள்ளியுள்ள இடங்களிலும் சாலை எவ்வளவு அமுங்கியது என்பதைப் பதிவு செய்கின்றன. அந்த அமுக்கங்களிலிருந்து ஒவ்வோர் அடுக்கின் விறைப்பையும் கணினி பின்னோக்கிக் கணக்கிடுகிறது.

ஒரே மண்ணைச் சோதித்தாலும் இவ்விரண்டு விடைகளும் ஒன்றாக இருப்பதில்லை. களத்தில் கிடைக்கும் எண்ணே பெரும்பாலும் பெரிதாக இருக்கும். 1993-இல் வெளிவந்த அமெரிக்க நெடுஞ்சாலை வடிவமைப்பு வழிகாட்டி, களத்தில் கணக்கிட்ட அடிமண் விறைப்பை 0.33-க்கு மிகாத எண்ணால் பெருக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும் என்கிறது. எடுத்துக்காட்டாக, களத்தில் 150 மெகாபாஸ்கல் கிடைத்தால், வடிவமைப்புக்கு ஏறத்தாழ 50 மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும்.

ஏன் இவ்வளவு வேறுபாடு? களிமண், சிறிய அழுத்தத்தில் விறைப்பாகவும் பெரிய அழுத்தத்தில் இளகியும் நடந்துகொள்ளும். சாலைக்கு அடியில் ஆழத்தில் கிடக்கும் மண்ணுக்குச் சுமையின் சிறு பங்கே போய்ச் சேர்கிறது. விழும் எடையின் தாக்கமும் ஏறத்தாழ 0.03 வினாடியில் முடிந்துவிடுகிறது. மேலும், தோண்டி எடுத்து மீண்டும் இறுக்கிய மண், பல ஆண்டுகளாகப் படிந்து கிடந்த தன் இயற்கைக் கட்டமைப்பை இழந்துவிடுகிறது. (சரளைக் கற்கள் இதற்கு நேர்மாறு, அழுத்தம் கூடக் கூட அவை மேலும் விறைப்பாகும்.)

ஆகவே, ஓர் எண் சரி, மற்றொன்று பிழை என்று கூற முடியாது. இன்னும் கட்டப்படாத சாலையின்மீது எடையை விழச் செய்ய இயலாது; அங்கே ஆய்வுக்கூடமே துணை. மழைக்காலத்தில் மண் ஊறினால் என்னவாகும் என்பதையும் அங்கே முன்கூட்டியே சோதித்துப் பார்க்கலாம். மாறாக, பழைய சாலைக்கு மேலடுக்கு போட வேண்டுமானால் களச் சோதனைக்கே முதலிடம் தரலாம். சிறிய உருளை ஒன்று பல கிலோமீட்டர் சாலைக்குச் சான்றாகாது.

களச் சோதனைக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. தார் அடுக்கு வெயிலில் இளகும். நம் நாட்டில் காலையில் அளந்த விறைப்பு நண்பகலில் வெகுவாகக் குறைந்திருக்கும். எனவே, சோதனைக் குழுவினர் சாலையில் சிறு துளையிட்டு, அதன் உள்வெப்பநிலையை அளந்து, ஒவ்வோர் அளவீட்டின் பக்கத்திலும் குறித்துவைக்கின்றனர்.