பைத்தானுக்குத் தமிழ் அகரவரிசை தெரியாது

பதிப்பகங்களுக்கு விலைப்பட்டியல் தயாரித்துக் கொடுப்பது என் வேலை. நூல், ஆசிரியர், விலை எல்லாம் சிஎஸ்வி கோப்பாக வரும். பைத்தானில் வரிசைப்படுத்தி அச்சுக்கு அனுப்புவேன்.

விலையில் சிக்கல் குறைவு. கோப்பிலிருந்து படித்த விலை பைத்தானுக்கு எண் அல்ல, வெறும் எழுத்துச் சரம். அப்படியே ஸார்ட் செய்தால் 100, 1000, 250, 90 என்று நிற்கும். 'கீ'யாக 'இன்ட்' கொடுத்தால் சரியாகிவிடும். விலை போடாத வரிகளை முதலிலேயே பிரித்து வையுங்கள். வெற்றுச் சரத்தைக் கண்டால் 'இன்ட்' பிழை காட்டி நின்றுவிடும்.

ஆசிரியர் வாரியாகவும், ஒவ்வொருவரின் நூல்களும் விலை வாரியாகவும் வேண்டுமென்றால், முதலில் விலைப்படி அடுக்குங்கள், பிறகு ஆசிரியர்படி. டிம் பீட்டர்ஸ் 2002இல் பைத்தானுக்காக எழுதிய டிம்ஸார்ட், சமமாக இருப்பவற்றின் பழைய வரிசையைக் கலைக்காது. எனக்கு மிகவும் பிடித்த குணம் இது.

உண்மையான வேலை தமிழ்ப் பெயர்களில்தான். மலர், மழை, மறை, மனம் என்பது அகராதி வரிசை. பைத்தானிடம் கொடுத்தால் மனம், மறை, மலர், மழை என்று திருப்பித் தரும். அது பார்ப்பது யூனிகோடு எண்களை மட்டும். யூனிகோடின் தமிழ்ப் பகுதி 1988ஆம் ஆண்டு இஸ்கி குறியேற்றத்தை ஒட்டியது. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான அடுக்கு அது. அதனால் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற என்று உட்கார்ந்துவிட்டன. புள்ளியின் எண்ணும் எழுத்துகளுக்கும் உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருப்பதால், அகராதியில் முந்தி வரவேண்டிய 'அக்கா', 'அகம்' என்பதற்குப் பின்னால் போய்விடுகிறது.

இதற்குப் பைஐசியூ நூலகத்தை நிறுவிக்கொள்ளுங்கள். தமிழுக்கான கொலேட்டர் ஒன்றை உருவாக்கி, அதன் 'கெட்ஸார்ட்கீ'யை உங்கள் 'கீ'யாகக் கொடுத்தால் போதும். அதற்கு முன் எல்லாச் சரங்களையும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிவிடுவது நல்லது. 'கொ'வின் குறியை ஒரே எண்ணாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், பைத்தானுக்கோ இரண்டும் வேறு வேறு சரங்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

தமிழ் வாசகர் கையில் போகும் பட்டியல் தமிழ் வரிசையில்தான் இருக்க வேண்டும். அச்சுக்கு அனுப்பும் முன் மேலே சொன்ன நான்கு சொற்களையும் உங்கள் நிரலில் ஓட்டிப் பாருங்கள். மனம் முதலில் வந்தால், தயவுசெய்து அனுப்பாதீர்கள்.