எரெக்ட்: கட்டுவதா, நிற்பதா?

செம்பரம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம். ஒரு நாள் தாத்தாவுக்குத் திடீரென்று தாங்க முடியாத வயிற்று வலி. டாக்டர் பரிசோதித்துவிட்டு, 'எக்ஸ்ரே அப்டமன் எரெக்ட்' என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். பிளஸ் ஒன் படிக்கும் பேரன் அதை வாங்கிப் பார்த்தான்.

''எரெக்ட்னா கட்டறதுனு எங்க மிஸ் சொன்னாங்களே... தாத்தா வயித்துல என்னத்தைக் கட்டப் போறாங்க?''

மிஸ் சொன்னது தப்பில்லை. ஆனால், அது பாதிதான்.

லத்தீனிலிருந்து வந்த இந்தச் சொல்லுக்கு அடிப்படைப் பொருள் நிமிர்த்துவது. வினைச்சொல்லாக வந்தால் எழுப்புவது, நிறுவுவது. பந்தல், சாரம், சிலை, மின்கம்பம், செல்போன் டவர் எல்லாவற்றையும் 'எரெக்ட்' செய்யலாம். ஏரியை முடியாது, அது வெட்டுவது! செம்பரம்பாக்கத்தில் ஏரியின் ஆழம் 24 அடி. அதன் கரையோரம் மின்கம்பம் நட்டால், அதற்கு மட்டும் இந்தச் சொல் பொருந்தும்.

பெயரடையாக வந்தால் 'நிமிர்ந்த' என்று பொருள். 1891-ல் ஜாவா தீவில் யூஜின் துபுவா கண்டெடுத்த ஆதிமனிதனுக்கு இன்று வழங்கும் பெயர் 'ஹோமோ எரெக்டஸ்', அதாவது நிமிர்ந்த மனிதன். 'அப்ரைட்' என்ற சொல்லும் நிமிர்வைக் குறிக்கும். ஆனால், நேர்மையானவரை 'அப்ரைட்' என்பார்கள். 'எரெக்ட்' என்று சொல்வதில்லை.

பெயர்ச்சொல் 'எரெக்‌ஷன்'. தொழிற்சாலையில் 'எரெக்‌ஷன் இன்ஜினீயர்' என்றால் இயந்திரங்களை நிறுவுபவர். மருத்துவத்தில் அதே சொல் ஆணுறுப்பின் விறைப்பைக் குறிக்கும். கூச்சப்பட ஒன்றுமில்லை. விறைப்புக் குறைவு சர்க்கரை நோய்க்கோ, ரத்தக்குழாய்க் கோளாறுக்கோ அறிகுறியாக இருக்கலாம். மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, தாத்தா கதைக்கு வருவோம். எக்ஸ்ரே அறையில் மகள் கெஞ்சினாள்: ''அப்பாவால நிக்க முடியலீங்க... படுக்க வெச்சே எடுத்துடுங்களேன்!''

இங்கேதான் அந்த ஒரு சொல்லின் அருமை. இரைப்பையிலோ குடலிலோ ஓட்டை விழுந்தால் காற்று வெளியே கசியும். நிமிர்ந்திருந்தால் அது மேலே ஏறி, உதரவிதானத்துக்கு அடியில் கருப்புப் பிறைபோல் படத்தில் தெரியும். மல்லாந்து படுத்தால் கண்ணுக்குப் படாமலே போகலாம். குடல் அடைப்பிலும் அப்படித்தான்: நிற்கும்போது காற்று மேலும் நீர் கீழுமாகப் பிரிந்து மட்டம் காட்டும்.

நிற்கவே முடியாதவரை உட்கார வைத்தோ, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தோ எடுக்க வழி உண்டு. எப்படி எடுப்பது என்பதை டாக்டரும் டெக்னீஷியனும் முடிவு செய்யட்டும். தலைசுற்றல், தள்ளாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இரண்டு பேர் தாங்கிக்கொள்ள, தாத்தா நின்றார். படத்தில் பிறை தெரிந்தது. அன்று இரவே ஆபரேஷன் நடந்து, பிழைத்துக்கொண்டார்.

இப்போது பேரனைக் கேட்டால் சொல்கிறான்: ''எரெக்ட்னா கட்டறதும்தான், நிமிர்ந்து நிக்கறதும்தான்!''