குளிரால் விளையும் கேடுகளை அறிதல்

கத்திரி வெயிலில் வாடும் மந்தாரக்குப்பத்தார்க்குக் குளிரைப் பற்றிய பாடம் எதற்கு என்று சிலர் வினவக் கூடும். நம் நாட்டு இளைஞர் படையிற் சேர்ந்து பனிமலை ஏறுகின்றனர் அன்றோ! 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் சியாச்சினில் பனிச்சரிவிற் புதையுண்ட மதராஸ் ரெஜிமெண்டு வீரர் பதின்மருள் தமிழ்நாட்டாரும் இருந்தனர். ஆறாம் நாள் உயிரோடு மீட்கப்பட்ட ஹனுமந்தப்பா என்பாரும் பிப்ரவரி 11இல் உயிர் நீத்தார். பனியில்லாவிடத்தும், நனைந்த உடையும் வீசுங் காற்றும் கூடின் குளிர் கேடு செய்யும். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் நம் கடலூர் மாவட்டத்தைத் தாக்கிய தானே புயலை நினைப்போர்க்கு இது எளிதில் விளங்கும்.

மனித தேகத்தின் உள்வெப்பம் ஏறக்குறைய 37 பாகை செண்டிகிரேட். அது 35க்குக் கீழ் இறங்குதலே வெப்பக்குறைவு நோயாம். முதலில் நடுக்கம் தோன்றும். தசைகள் அசைந்து வெப்பம் உண்டாக்க முயல்வதே அதன் காரணம். பின்னர் விரல்கள் பொத்தானையும் மாட்ட இயலாவாம், நாக்குழறும், நடை தள்ளாடும், மதி மயங்கும். நோயாளி தன்னிலையைத் தான் உணரான். உடனிருப்போரே கண்டறிதல் வேண்டும். மயக்கம் மிகுந்திருக்க நடுக்கம் நின்றதாயின், அது குணமன்று, பேரபாயத்தின் குறி.

பனிக்கடி என்பது விரல், காது, மூக்கு முதலிய உறுப்புக்களின் தசை உறைதல். அவ்விடம் வெளிறி, மரத்து, கடினமாகும். அதனைத் தேய்த்தல் ஆகாது. தணலிற் காட்டலும் ஆகாது, மரத்த தோல் சூட்டை உணராதாகலின்.

பச்சிளங்குழந்தைகளோ வெப்ப நாட்டிலும் எளிதிற் குளிர்ந்துவிடுவர். அவர்பால் நடுக்கத்தை எதிர்பார்த்தல் வீண். பாதங் குளிர்ந்து, சோர்ந்து, பாலுண்ண மறுத்தலே அடையாளம். உடனே தாயின் மார்போடு தோலுறச் சேர்த்துப் போர்த்தல் வேண்டும்.

ஏனையோரைக் காற்றுப் படாத இடத்திற் சேர்த்து, ஈர உடை களைந்து, உலர்ந்த கம்பளியாற் போர்த்துக. தெளிந்த அறிவுடையார்க்கு இளஞ்சூடான இனிய பானம் தருக. மது கூடாது, அது தோலின் இரத்தக்குழாய்களை விரித்து உள்வெப்பத்தை வெளியேற்றும். அடைத்த அறையில் கரித்தணல் வைத்தலும் கூடாது. நிறமும் மணமும் அற்ற நச்சுவாயு உறங்குவோரைக் கொல்லும். மயங்கினாரைத் தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க.

குறிகளைக் காலத்தில் அறிதலே பாதி வைத்தியம். ஆகலின், மழைக்காலத்தும் மலைப்பயணத்தும் நாம் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கிக் காப்போமாக.